பச்சைக்காய், உலர்காய், ஒரு பலகை: ஏலக்காய் ஸ்டோரில் ஒரு நேர்கோடு காட்டிக்கொடுத்தது

நான் கம்பத்துக்காரன், கணக்கில் பட்டம் வாங்கியவன். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலைப் பக்கம் உள்ள ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதப் போகிறேன். 2022 பருவத்தில் அங்கே நடந்த ஒரு விஷயத்தை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் எல்லாரும் படித்த நேரிய சமன்பாடுதான், புதுசாக ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சரியாகப் போட்டதால் ஒரு சண்டை தீர்ந்தது, அதையே கண்மூடி நம்பியதால் அடுத்த மாதமே இன்னொரு தப்பு நடந்தது. இரண்டையும் சொல்கிறேன். யார் பெயரும் இல்லை, தேவையும் இல்லை.

பின்னணி

இந்தப் பக்கம் ஸ்டோர் என்றால் கடை இல்லை, ஏலக்காய் உலர்த்தும் இடம். பறித்த பச்சைக்காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, 45 முதல் 55 டிகிரி சூட்டில் ஒரு நாள் பக்கமாக வைத்து எடுப்பார்கள். பச்சைக்காயில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உலர்ந்து வரும்போது பத்து சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் மிஞ்சும். அதனால்தான் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் வாயில் இருக்கிற கணக்கு, 'அஞ்சுக்கு ஒண்ணு': ஐந்து கிலோ பச்சை கொடுத்தால் ஒரு கிலோ உலர்ந்தது வரும்.

பெரிய தோட்டக்காரர்களுக்குச் சொந்த ஸ்டோர் உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்து ஸ்டோரில் கொடுத்து, பச்சை எடைக்கு இவ்வளவு என்று உலர்த்துகூலி கட்டி, காயை வாங்கிக்கொண்டு போய் ஏலத்துக்குப் போடுவார்கள். நான் சொல்லும் ஸ்டோரில் அப்போது கிலோவுக்கு 12 ரூபாய் கூலி. ஒருவர் ஒரு தடவை கொண்டுவந்து போடும் காயை ஒரு லாட்டு என்போம். கொடுப்பவர்களில் தமிழர் பாதி, மலையாளிகள் பாதி. பறிக்கிற பெண்கள் பெரும்பாலும் தேனி மாவட்டத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு வருகிறவர்கள்.

அந்த வருஷம் ஏலக்காய் விலை கிலோ ஆயிரத்துக்குக் கீழே படுத்திருந்தது. உரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் போக ஒவ்வொரு கிலோவும் கணக்குப் பார்க்கிற நேரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விலை நன்றாக இருந்த காலத்தில் இந்தப் புகார் வந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. குறை அப்போதும் இருந்திருக்கும், யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

புகார்

செப்டம்பர் கடைசியில் நடந்த எடுப்பு, அதாவது காய் பறிக்கும் ஒரு சுற்று. ஒரு அக்கா 40 கிலோ பச்சை கொண்டுவந்து போட்டார். மறுநாள் 7 கிலோ 100 கிராம் கையில் கிடைத்தது. அஞ்சுக்கு ஒண்ணு கணக்குப்படி 8 கிலோ வந்திருக்க வேண்டும். அதே நாளில் மேல்தோட்டத்துக்காரர் ஒருவருக்கு 230 கிலோவுக்கு 48 கிலோ வந்திருந்தது. அக்கா இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டார்.

"ஏன் தம்பி, நாங்க கொண்டாந்தா மட்டும் காய் ஆவியாப் போயிருதா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "சின்ன ஆளுக காய்ல தான் கை வைப்பாங்க, பெரிய ஆளு லாட்டுல வெச்சா கேப்பாங்கல்ல" என்று சொல்லிவிட்டார். ஸ்டோர்க்காரர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர். அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நோட்டைப் பாருப்பா, யாரு எடுக்கறான்னு கண்டுபிடி" என்றார். அதாவது ஆள் எடுக்கிறான் என்று அவரும் முடிவு கட்டிவிட்டார்.

நோட்டில் பார்த்தது

அந்த எடுப்பில் அதுவரை வந்த லாட்டுகளில் ஒரே வகைக் காய், ஒரே வாரம், ஒரே சேம்பர் (உலர்த்தும் அறை) என்று பார்த்துப் பத்து லாட்டு எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்ற ஒன்பது இவை. முதல் எண் பச்சை, அடுத்தது உலர்ந்தது, கிலோவில்:

40 – 7.1
56 – 10.6
72 – 13.7
90 – 17.9
118 – 23.0
150 – 30.9
186 – 37.2
230 – 48.0
280 – 57.0

முதலில் எல்லாரும் செய்கிற மாதிரி வகுத்துப் பார்த்தேன். 40 கிலோ லாட்டுக்கு 5.63 கிலோ பச்சைக்கு ஒரு கிலோ. 56க்கு 5.28. 90க்கு 5.03. 230க்கு 4.79. 280க்கு 4.91. பெரியவர் சொன்னது அப்படியே நிற்கிறது: சின்ன லாட்டு என்றால் அதிகமாகக் குறைகிறது. வகுத்ததோடு நிறுத்தியிருந்தால் அங்கே வேலை பார்க்கிற நாலு பையன்களில் ஒருவன் வேலை போயிருக்கும். அது எனக்கு இப்போதும் நெஞ்சில் குத்துகிறது.

விகிதம் ஒரு விஷயத்தை மறைத்துவிடும். உலர்ந்த எடை என்பது பச்சை எடையை ஒரே எண்ணால் பெருக்கினால் வந்துவிடும், வேறு எதுவும் சேராது, கழியாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் நாம் வகுக்கிறோம். நடுவில் ஒரு நிலையான எண் ஒளிந்திருந்தால் வகுத்தலில் அது தெரியாது, சின்ன லாட்டில் பெரிய அநியாயமாகவும் பெரிய லாட்டில் ஒன்றுமே இல்லாததாகவும் உருமாறித் தெரியும்.

கோடு போட்டது

ஸ்டோரில் பழைய கிராஃப் நோட்டு ஒன்று கிடந்தது, முதலாளி மகனுடையது. கிடையாகப் பச்சை எடை, நெடுக்காக உலர்ந்த எடை. ஒன்பது புள்ளியும் வைத்தேன். ஒரு சணல் நூலை இழுத்துப் பிடித்துப் புள்ளிகளுக்கு நடுவே ஓட விட்டேன். நூல் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு போனது. ஆனால் கீழே, சுழியம் இருக்கிற மூலைக்கு வரவில்லை. கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, கிடை அச்சில் 6 பக்கமாக இறங்கியது.

வீட்டுக்கு வந்து எக்செலில் போட்டுச் சரிபார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருமோ அதை எடுப்பது வழக்கம். 1805இல் லெஜாந்தர் வால்நட்சத்திரப் பாதைக் கணக்குக்காக வெளியிட்ட முறை, இன்றைக்கு எக்செலில் இரண்டு கட்டளை. கிடைத்த கோடு:

உலர்ந்த எடை = 0.21 × பச்சை எடை − 1.24

எந்தப் புள்ளியும் இந்தக் கோட்டிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் விலகவில்லை. அதிகபட்சம் 230 கிலோ லாட்டு, 940 கிராம் மேலே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பரீட்சையில் சாய்வு எவ்வளவு, வெட்டுத்துண்டு எவ்வளவு என்று கேட்டு, விடை எழுதினால் மார்க் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்ணும் என்ன சொல்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் சாய்வு, அதாவது பச்சை ஒரு கிலோ கூடினால் உலர்ந்தது எவ்வளவு கூடும் என்பது, 0.21. அது காயின் குணம். 100 கிலோ பச்சை 21 கிலோவாகிறது, அந்த 21இல் பத்து சதவீதம் ஈரம் போனால் சுமார் 19 கிலோ சுத்தமான காய், அப்படியானால் பச்சையில் 81 கிலோ தண்ணீர். முன்னே சொன்ன ஐந்தில் நாலு பங்குக்குப் பொருந்துகிறது. சாய்வு நியாயமான எண். காய்ந்ததில் குறை இல்லை, சூட்டில் குறை இல்லை.

மிச்சம் −1.24, அதாவது வெட்டுத்துண்டு. அதுதான் கேள்வி. ஒரு கிலோகூடக் கொண்டுவராதவருக்கு ஒன்றேகால் கிலோ கடன் எப்படி வரும்?

இரண்டு அர்த்தம், ஒரே கோடு

இந்த ஒரு கோட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, உலர்த்திய பிறகு ஒவ்வொரு லாட்டிலும், பெரிசோ சின்னதோ, 1 கிலோ 240 கிராம் காணாமல் போகிறது. அதாவது யாரோ ஒவ்வொரு லாட்டிலும் ஒரே அளவு எடுக்கிறார்கள், அல்லது எங்கோ அந்த அளவு சிந்துகிறது. இன்னொன்று, உலர்ந்தது எல்லாம் சரி, பச்சையை எடை போடும்போதுதான் ஒவ்வொரு லாட்டுக்கும் 5.9 கிலோ கூடுதலாக விழுகிறது. 1.24ஐ 0.21ஆல் வகுத்தால் 5.9. கோடு கிடை அச்சைத் தொட்ட இடம் அதுதான்.

சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எது உண்மை என்று அதால் சொல்ல முடியாது. ஸ்டோர்க்காரருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப உன் கணக்கு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. எங்கே போய்த் தேட வேண்டும் என்று இரண்டே இடத்தைச் சொல்கிறது, மற்ற இடங்களை விடச் சொல்கிறது என்றேன். ஆளாளுக்குச் சந்தேகப்பட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மூன்று நாள் கொடுத்தார்.

தேடியது

உலர்த்தும் பக்கத்தை முதலில் பார்த்தோம், சந்தேகம் அங்கேதான் இருந்ததால். இரண்டு ராத்திரி நானே தங்கினேன். தட்டுக்கு அடியில் விழுவதையும், காம்பு பூ நீக்குகிற மெஷினில் தங்குவதையும், சல்லடைக்குக் கீழே போவதையும் லாட்டு லாட்டாகக் கூட்டி அள்ளி எடை போட்டோம். ஒரு லாட்டுக்கு 150 முதல் 250 கிராம். அதில் பெரும்பகுதி காம்பும் காய்ந்த பூவும், நல்ல காய் என்றால் 50, 60 கிராம். ஒன்றேகால் கிலோ அங்கே இல்லை.

அப்புறம் வாசல் தராசு. 300 கிலோ எடைமேடை, எலக்ட்ரானிக், முத்திரை தேதி தவறாமல் வைத்தது. ஸ்டோர்க்காரர் முத்திரைச் சான்றைக் காட்டி "இதில தப்பே வராது" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து மூன்று 20 கிலோ இரும்புப் படிக்கல் வாங்கிவந்தோம். காலையில் வழக்கம்போல மேடையை ஆன் செய்து, வழக்கம்போல எல்லாம் செய்யச் சொல்லி, நான் தள்ளி நின்று பார்த்தேன்.

எடை போடுகிற பையன் தராசை ஆன் செய்தான். சுழியம் காட்டியது. பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு மரப்பலகையை எடுத்து மேடைமேல் வைத்தான். தினமும் சாயங்காலம் அவனே கழுவிச் சாய்த்து வைக்கிற பலகை. மழைநாளில் மூட்டையோடு வருகிற சேறு மேடையில் ஒட்டாமல் இருக்க, யாரும் சொல்லாமல் அவனாகவே செய்த நல்ல காரியம்.

20 கிலோ கல் வைத்தோம். 25.9. இரண்டு கல் வைத்தோம். 45.9. மூன்று வைத்தோம். 65.9. யாரும் பேசவில்லை. பையன் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று கல்லும் வைத்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தராசே தப்பாக இருந்தால் 20க்கு ஒரு கிலோ, 40க்கு இரண்டு, 60க்கு மூன்று என்று தப்பும் எடையோடு சேர்ந்து வளரும், அதாவது சாய்வு மாறும். இங்கே எந்த எடைக்கும் அதே 5.9. சாய்வு சரி, வெட்டுத்துண்டு மட்டும் பிசகு. முத்திரை வைத்தவர்கள் தராசைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், பலகை அன்றைக்கு மேலே இல்லை, அவ்வளவுதான்.

நான் தூக்கிப்போட்ட புள்ளி

பத்தாவது லாட்டைச் சொல்கிறேன். 64 கிலோ பச்சை, 13.4 உலர்ந்தது. கோட்டின்படி 12.2தான் வர வேண்டும். அந்த அளவு லாட்டுகள் எல்லாம் கோட்டை ஒட்டியே நின்றபோது இது மட்டும் ஒன்றேகால் கிலோ மேலே தனியாக நின்றது. எழுதும்போது பிசகு என்று நினைத்து அடித்துவிட்டேன்.

பலகை விஷயம் தெரிந்த பிறகு அந்தத் தேதியைப் பார்த்தேன். அன்று காலையில் பெருமழை, கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் தராசு தானாகவே ஆன் ஆகி, மேலே இருந்த பலகையையும் சேர்த்துச் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. 64ஐ 0.21ஆல் பெருக்குங்கள், 13.44. பத்து லாட்டில் சரியாக எடை போடப்பட்டது அது ஒன்றுதான். அதைத்தான் நான் பிழை என்று தள்ளினேன். அன்றே அந்தத் தேதியைப் போய்க் கேட்டிருந்தால் இரண்டு ராத்திரி தட்டுக்கு அடியில் கூட்டியிருக்க வேண்டாம், அந்த நாலு பையன்களும் அந்த மூன்று நாள் தலை குனிந்து நடந்திருக்க வேண்டாம்.

எடுத்த முடிவுகள்

பலகையை எடுத்தோம். அதற்குப் பதில் மேடைக்கு முன்னால் கால்மிதி மாதிரி ஒரு கம்பி வலை போட்டு, மூட்டையை அதில் தட்டிவிட்டு ஏற்றச் சொன்னோம். தினமும் காலையில் ஒரு 20 கிலோ கல்லை வைத்து, அது காட்டுகிற எண்ணை நோட்டில் முதல் வரியாக எழுத வேண்டும் என்று வைத்தோம். கரண்ட் போய் வந்தால் மறுபடி கல்.

பணம் பற்றிய முடிவுதான் கஷ்டமாக இருந்தது. யாருடைய உலர்ந்த காயும் குறையவில்லை, ஒரு கிராம்கூட. ஆனால் இல்லாத 5.9 கிலோவுக்கு ஒவ்வொரு லாட்டிலும் கூலி வாங்கியிருக்கிறோம், 71 ரூபாய் பக்கம். 280 கிலோக்காரருக்கு அது தெரியாது. 40 கிலோ என்று எழுதப்பட்ட, உண்மையில் 34 கிலோ கொண்டுவந்த அக்காவுக்கு, 480 ரூபாய் கூலியில் 71 என்பது பெரிசு. ஸ்டோர்க்காரர் ரொம்ப யோசித்தார். வெளியே சொன்னால், 'அப்ப இத்தன நாளும் ஏமாத்தினீங்களா' என்று கேட்பார்கள், சொல்லாமல் பலகையை மட்டும் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைசியில் சொல்வதென்று முடிவு செய்தார். நோட்டின்படி அந்தப் பருவத்தில் அதுவரை 112 லாட்டு. எந்தெந்த நாள் கரண்ட் போனது என்று முழுசாகத் தெரியாததால், சரியாகப் போடப்பட்ட லாட்டுக்கும் சேர்த்து எல்லாருக்கும் 71 ரூபாய் அடுத்த கூலியில் கழிப்பது என்று வைத்தோம். மொத்தம் 7,952 ரூபாய். பையனைத் திட்டக்கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

சொன்ன விதமும் முக்கியம். பலகையை வாசலில் வைத்து, கல்லையும் வைத்து, வந்தவர்களை அவர்களே எடை போட்டுப் பார்க்கச் சொன்னோம். கிராஃப் தாளையும் சுவரில் ஒட்டினேன். தாளை இரண்டு பேர்தான் பார்த்தார்கள். பலகையை எல்லாரும் தூக்கிப் பார்த்தார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க காய எவனும் எடுக்கலன்னா சரி" என்றார். இரண்டு பேர் மட்டும் நம்பவில்லை, வேறு ஸ்டோருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முன்கூட்டியே எடை சொன்னது

அதே எடுப்பில் அதற்குப் பிறகு வந்த ஏழு லாட்டுகளைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். சாய்வு மாறவில்லை, 0.21. கோடு இப்போது மூலைக்கே வந்து சேர்ந்தது.

அங்கிருந்து ஒரு யோசனை. காயை வாங்கும்போதே சீட்டில் 'பச்சை 84, உலர்ந்தால் 17 முதல் 18.3க்குள்' என்று எழுதிக் கொடுத்தால் என்ன? மறுநாள் வாங்குகிறவருக்கு எதோடு ஒப்பிடுவது என்று தெரியும், நமக்கும் எங்காவது பிசகினால் அன்றே தெரியும். ஒரே எண்ணாக எழுதாமல் இவ்வளவுக்குள் என்று எழுதியது நான் பிடிவாதமாகச் செய்தது. பழைய புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகினவோ அந்த அளவு இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் 200 கிராம் குறைந்தாலும் சண்டை. சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்தோம். அக்டோபர் கடைசி வரை ஒரு லாட்டுகூட எல்லைக்கு வெளியே போகவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

நவம்பரில் தவறியது

அடுத்த எடுப்பு நவம்பர் நடுவில். அதே 0.21ஐ வைத்தே சீட்டு எழுதினேன். 116 கிலோவுக்கு 24.4 வர வேண்டும், வந்தது 22.6. அடுத்த லாட்டும் குறைவு. அதற்கடுத்ததும். ஆறு லாட்டு, ஆறும் கீழே. அக்கா மறுபடி வாசலில் நின்றார், இந்தத் தடவை கையில் நாங்களே எழுதிக் கொடுத்த சீட்டோடு.

இங்கே கவனிக்க வேண்டியது குறைந்த அளவு அல்ல, ஒரே பக்கமாகக் குறைந்தது. சும்மா ஏற்ற இறக்கம் என்றால் சில மேலே, சில கீழே இருக்கும். ஆறும் ஒரே பக்கம் விழுந்தால் கோடு இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். காலைக் கல் நோட்டைப் பார்த்தோம், எல்லா நாளும் 20.0. தராசு இல்லை. புதிய ஆறு புள்ளிக்கும் கோடு போட்டேன். மூலைக்கு வருகிறது, சாய்வுதான் 0.195 ஆகியிருந்தது. வெட்டுத்துண்டு நிற்கிறது, சாய்வு இறங்கியிருக்கிறது, ஆகவே மாறியது காய்தான்.

இரண்டு காரணம் தெரிந்தது. வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டதால் காய் நனைந்தே வந்தது. ஒரு லாட்டைக் கம்பி வலையில் முக்கால் மணி நேரம் வடியவிட்டு மறுபடி எடை போட்டால் 100 கிலோவுக்கு மூன்று கிலோ பக்கம் குறைந்தது. காய்மேல் ஒட்டியிருந்த மழைத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நான் 0.21 போட்டிருக்கிறேன். இன்னொன்று, மழைக்குப் பயந்து ஆள் கிடைத்தபோதே அவசரமாகப் பறித்ததில் இளங்காய் கலந்துவிட்டது. கைக்கு வந்த நூறு காயை எண்ணிப் பார்த்தேன், 17 இளசு. முந்தின எடுப்பில் ஆறு ஏழுதான் இருக்கும். இளங்காயில் தண்ணீர் அதிகம், உலர்ந்தால் சுருங்கிப்போகும். கரிங்காய் பருவத்தில், அதாவது உள்ளே விதை கறுத்து முற்றியபோது, பறித்தால்தான் எடை நிற்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். சாய்வு காயின் குணம் என்று நானே சொல்லிவிட்டு, காய் மாறினால் சாய்வும் மாறும் என்பதை மறந்துவிட்டேன்.

அப்போதிலிருந்து மழைநாளில் எடைக்கு முன் வடியவிடுகிறோம். ஒவ்வொரு எடுப்பிலும் முதல் ஐந்து லாட்டுக்குச் சீட்டில் எதிர்பார்ப்பு எழுதுவதில்லை. அந்த ஐந்தையும் வைத்துப் புதுசாகச் சாய்வு எடுத்த பிறகுதான் ஆறாவதிலிருந்து எழுதுகிறோம்.

விலைக்கும் ஒரு கோடு கேட்டார்கள்

டிசம்பரில் அந்தப் பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, இதே மாதிரி வெலைக்கும் ஒரு கோடு போட்டுச் சொல்லேன், எப்ப விக்கலாம்னு" என்றார். போடியிலும் புற்றடியிலும் நடக்கிற ஏல விலைகளை அவர் ஒரு டைரியில் வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறுத்துவிட்டேன்.

காரணம் அந்த டைரியிலேயே இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செடி அழிந்து, அதன்பின் கோடையில் மழை பொய்த்து, காய் வரத்துக் குறைந்து, 2019இல் விலை மாதாமாதம் ஏறியது. ஆகஸ்ட் 3ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த ஏழெட்டு மாதத்துப் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் அழகாக மேலே போகும், அடுத்த வருஷம் பத்தாயிரத்தைத் தாண்டும் என்று சொல்லும். 2021இல் விலை ஆயிரத்துக்குக் கீழே. பெரியவர் அந்தக் கோட்டைத் தாளில் போடவில்லை, மனதில் போட்டிருந்தார், இன்னும் ஏறும் என்று இரண்டு மூட்டையை வைத்திருந்து கடைசியில் கால் விலைக்குக் கொடுத்தார். அதை அவரே சொன்னார். பச்சைக்காயின் தண்ணீர் இன்றும் நாளையும் ஒரே மாதிரிதான் ஆவியாகும், அதனால் அங்கே கோட்டை நம்பலாம். விலையேற்றத்துக்கு அப்படி நிலையாகப் பிடித்து நிறுத்துகிற எதுவும் இல்லை. விலை ஏறினால் எல்லாரும் நடுகிறார்கள், நட்டது காய்க்கிறது, வரத்துக் கூடுகிறது, ஏற வைத்ததே இறக்கிவிடுகிறது. இதை அவரிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். டைரியில் எழுதுவதை நிறுத்தவில்லை.

திரும்பச் செய்தால்

வகுப்பதற்கு முன்னால் புள்ளி வைத்துப் பார்ப்பேன். பொருந்தாத புள்ளியை அடிக்குமுன் அந்தத் தேதியில் ஸ்டோரில் இருந்தவர்களிடம் கேட்பேன். ஒரு எடுப்பின் சாய்வை அடுத்ததுக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். 280 கிலோவுக்கு மேலே இந்தக் கோட்டை இன்னும் சோதித்ததில்லை. 300ஐத் தாண்டினால் இரண்டு தடவை ஏற்ற வேண்டும், இரண்டு சேம்பரில் பிரிக்க வேண்டும், அங்கே வேறு ஏதாவது சேரலாம். அதனால் பெரிய லாட்டுக்கு இன்றுவரை சீட்டில் எதிர்பார்ப்பு எழுதுவதில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. பலகையை எப்போதிலிருந்து வைக்க ஆரம்பித்தான் என்று பையனுக்கே சரியாக நினைவில்லை, 2021 மழையில் இருக்கலாம் என்கிறான். 2021 நோட்டில் பச்சை எடையும் கூலியும் மட்டும்தான் இருக்கிறது, உலர்ந்த எடை எழுதும் வழக்கம் அப்போது இல்லை. இரண்டாவது எண் இல்லாமல் புள்ளி வைக்க முடியாது. அந்த வருஷத்துக்கு யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஸ்டோர்க்காரர் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.